அனுப்பியவர் பார்க்காத பூங்கொத்து

ஒரு புத்தகத்தை இணையத்தில் வாங்கி வேறொருவர் முகவரிக்கு அனுப்பினால், போய்ச் சேர்வது எது என்று நமக்குத் தெரியும். படத்தில் பார்த்த அட்டைதான் அவர் கையிலும் இருக்கும். பூ அப்படியில்லை. எந்தப் படத்தைப் பார்த்துப் பணம் கட்டினோமோ அந்தக் கொத்து எப்போதோ வாடிக் குப்பைக்குப் போயிருக்கும். நமக்காகக் கட்டப்போவது வேறொன்று. அதை நாம் பார்க்கப்போவதும் இல்லை. பார்க்கப்போகிறவரோ, எப்படி வந்திருந்தாலும், “ரொம்ப அழகா இருந்தது, எதுக்கு இந்தச் செலவெல்லாம்” என்றுதான் சொல்வார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர் உண்டா? தலை தொங்கிய ரோஜாவைப் படம் எடுத்து, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பி, “இப்படித்தான் வந்தது” என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

உறுத்துவது இதுதான். பணம் கொடுத்தவர் பார்க்கவில்லை, பார்த்தவர் சொல்லவில்லை, கட்டியவர் காதுக்கு எதுவும் போகவில்லை. மற்ற வியாபாரங்களில் மட்டமான சரக்கை ஒருவர் தலையில் இரண்டாம் முறை கட்டுவது கஷ்டம். இங்கே ஆண்டுக்கணக்கில் கட்டலாம். ஆகவே பூ அனுப்புகிறவரின் ஜாக்கிரதை முழுவதும் பணம் கட்டுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அந்த ஜாக்கிரதையும் தப்பான இடத்தில்தான் செலவாகிறது. எந்தக் கொத்து என்று அரைமணி நேரம் படம் படமாகத் தள்ளிப் பார்க்கிறோம். கட்டுவது யார் என்று அரை நிமிடம்கூட விசாரிப்பதில்லை.

யார் கையில் போகிறது

வெளியூருக்குப் பூ அனுப்பும் ஏற்பாடு தந்தி காலத்துச் சமாச்சாரம். 1908-இல் பெர்லினில் மாக்ஸ் ஹியூப்னர் என்ற பூக்கடைக்காரர் தொடங்கிய பூக்கடைகளின் கூட்டமைப்பு பிற்பாடு ஃப்ளூரோப் என்ற பெயருக்கு மாறியது. 1910-இல் அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் தந்தி வழி விநியோகத்துக்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள். யோசனை எளிமையானது: பூ பயணம் போக வேண்டாம், சேதி போகட்டும். இந்த ஊர்க் கடையில் பணம் கட்டினால் அந்த ஊர்க் கடைக்குத் தந்தி போகும், அங்கே அன்று கையிருப்பில் உள்ள பூவில் கட்டி வீட்டில் கொடுப்பார்கள். இரண்டு முனையிலும் பூக்காரர்களே இருந்தார்கள். ‘அந்த நிறம் இப்போது வராது, வேறு சொல்லுங்கள்’ என்று முதல் கடைக்காரரே நம்மிடம் சொல்லிவிடுவார்.

இன்றைக்கு முதல் முனையில் பெரும்பாலும் பூ கிடையாது. நல்ல படங்கள், ஊர்ப்பெயர் சேர்த்த ஒரு இணைய முகவரி, உள்ளூர் எண் மாதிரித் தெரியும் ஒரு தொலைபேசி எண், இவ்வளவுதான் இருக்கும். ஆர்டரை வாங்கி, தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை அந்த ஊரில் உள்ள ஏதோ ஒரு கடைக்குத் தள்ளுவார்கள். பழைய சங்க ஏற்பாட்டிலேயே, பூவுக்கென்று கட்டிய தொகையை 100 பங்காக வைத்தால், ஆர்டர் பிடித்த கடைக்கு 20, நடுவில் கணக்குத் தீர்க்கும் அமைப்புக்கு 7 அளவில் போய், கட்டிக்கொடுக்கும் கடைக்குச் சுமார் 73 பங்கு நிற்பது வழக்கம். ஆர்டர் பிடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இதற்கு மேல் ‘சேவைக் கட்டணம்’ என்று ஒன்றைத் தனியாக வாங்குவார்கள். அதில் காலணாகூடப் பூக்காரர் கண்ணில் படாது.

இந்த 73 பங்கு கட்டும் மேசைக்கு வந்து சேரும் இடத்தில்தான் எல்லாம் முடிவாகிறது. வந்த தாளில் ஒரு படம், ஒரு எண், ஒரு பட்டியல் இருக்கும். ரோஜா 12, லில்லி 3 காம்பு, அல்ஸ்ட்ரோமேரியா 5, இலை இரண்டு வகை. பட்டியல் முழுப் பணத்துக்குப் போட்டது, கைக்கு வந்தது முக்காலுக்கும் குறைவு. கட்டுகிறவருக்கு மூன்று வழி இருக்கிறது. பூவைக் குறைக்கலாம்: 12 ரோஜா 9 ஆகும், ஐந்து மொட்டு லில்லிக்குப் பதில் இரண்டு மொட்டுக் காம்பு வரும். இலையைக் கூட்டலாம்: நடுவே பச்சையை நிறையச் செருகினால் சுற்றளவு குறையாது, படத்துக்கும் ஏறக்குறைய ஒத்துப்போகும். அல்லது வாளியில் நாலு நாளாக நிற்கிற, நாளைக்கு விற்க முடியாத ரோஜாவை இதில் கழிக்கலாம். இதற்குக் கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, கணக்கே அங்கே கொண்டுபோய்விடும். தெருவில் நடந்து வந்து வாங்குகிறவர் அடுத்த வாரமும் வருவார், முகத்தைப் பார்த்துக் கேட்பார். இந்தத் தாளின் பின்னால் இருப்பவர் வேறு ஊரில், திரைக்கு அந்தப் பக்கம். வாளியிலிருந்து காம்பைப் பொறுக்கும்போது இந்த வித்தியாசம் விரலுக்குத் தெரியும்.

அதே பணம் அதே கடைக்கு நேராகப் போயிருந்தால் 73 என்பது 100 ஆகியிருக்கும். அது மட்டுமல்ல, பட்டியல் என்ற விலங்கும் கழன்றிருக்கும். ‘லில்லி இன்று சுமார்தான், லிசியாந்தஸ் அருமையாக இருக்கிறது’ என்று பேச ஒரு வாய் கிடைத்திருக்கும். பூ அனுப்புவதில் பணத்தால் செய்ய முடிகிற பெரிய மாற்றம் இது ஒன்றுதான் என்பது என் கட்சி. ஒரு படி விலை உயர்ந்த கொத்துக்குத் தாவுவதைவிட, இடையில் இருக்கும் ஆளைத் தாண்டிப்போவதில் அதிகப் பூ கிடைக்கும்.

நேரான கடையைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. பெறுகிறவர் இருக்கும் பகுதியின் பெயரைப் போட்டு வரைபடத்தில் தேடுங்கள். தெரு எண், கடை முகப்பின் படம், உள்ளே வாளிகள் தெரியும் படம் இருக்கிறதா பாருங்கள். தளத்தில் உள்ள கொத்துப் படம் வேறு நாலு தளங்களிலும் அச்சாக அப்படியே இருந்தால் அது கடையில் எடுத்த படம் இல்லை. கடைசியாக ஒரு போன். “இன்னிக்கு எது நல்லா வந்திருக்கு?” என்ற ஒரே கேள்வி போதும். பூக்கடையாக இருந்தால் திரும்பி வாளியைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார்கள். இல்லையென்றால் “எந்த ஐட்டம் நம்பர் சார்?” என்று கேட்பார்கள்.

படத்தை ஒதுக்கிவிட்டு

விற்பனைப் படத்தில் பொய் என்று ஒன்றும் இருக்காது, ஆனால் நிஜம் முழுதாக இருக்காது. பூ எல்லாம் கேமராவைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கும், பின்பக்கம் காலியாக இருக்கும். மூன்று அளவில் விற்பார்கள், படம் பல நேரம் பெரிய அளவினுடையதாக இருக்கும். அதைவிட முக்கியம், படத்தில் எல்லாப் பூவும் ஒரே சமயத்தில் முழுசாக விரிந்திருக்கும். அந்த நிலையில் ஒரு கொத்து வீட்டுக்கு வந்தால் அதன் ஆயுளில் பாதி போய்விட்டது என்று அர்த்தம். நல்ல கடை லில்லியை ஒரு மொட்டு லேசாக வாய் திறந்த நிலையில்தான் அனுப்பும், மீதி மொட்டுகள் இரண்டு மூன்று நாளில் ஒவ்வொன்றாகத் திறக்கும். ரோஜாவின் வெளி இதழ் ஒன்றிரண்டு பச்சையோடிக் கரடுமுரடாக இருப்பதும் அப்படித்தான். அது காவல் இதழ், உள்ளே இருப்பது நசுங்காமல் இருக்க வேண்டுமென்றே விட்டது. ஜாடியில் வைக்கும்போது கிள்ளிவிட்டால் போதும். இது தெரியாதவர் ‘மொட்டும் அழுக்கு ரோஜாவுமாக அனுப்பிவிட்டார்கள்’ என்று நினைத்துக்கொள்வார், வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்.

ஆர்டர் சொல்லும்போது முதலில் மொத்தத் தொகையைச் சொல்லிவிடுவது நல்லது, டெலிவரியும் உட்பட. தொகையைச் சொல்லக் கூச்சப்பட்டு ‘நல்லா பார்த்துப் போடுங்க’ என்றால் கட்டுகிறவர் இருட்டில் நிற்பார். அடுத்து யாருக்கு, எதற்கு. பிரசவம் முடிந்த வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் அதே வெள்ளைப் பூவை வைத்து இரண்டு விதமாகக் கட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். பிறகு நிறம், வேண்டாத ஒன்று, பெறுகிறவர் வீட்டில் ஜாடி இருக்குமா இருக்காதா. பூனை இருக்கும் வீடென்றால் லில்லி வேண்டாம் என்று கட்டாயம் சொல்ல வேண்டும். இதழ், இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் வரை எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிரே போகும். கடைக்காரர் கேட்காமல் இருக்கலாம், அனுப்புகிறவருக்கு அது தெரியும்.

எல்லாவற்றையும்விட அதிகத் தகராறு கிளம்புவது மாற்றுப் பூவில். ‘அதே மதிப்பில் அல்லது கூடுதல் மதிப்பில் மாற்றுப் பூ வைக்கப்படும்’ என்ற வரி எல்லா இடத்திலும் இருக்கும், அது நியாயமும்கூட. விளைச்சல் பொருள், வராத நாளில் வராது. ஆனால் எதை விட்டுக்கொடுத்தாலும் எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அனுப்புகிறவர் மனதில் மட்டும் இருக்கிறது. மஞ்சள் டூலிப் கேட்கிறீர்கள், அன்று இல்லை. கடைக்காரர் சிவப்பு டூலிப் வைக்கலாம், மஞ்சள் ரோஜாவும் வைக்கலாம். இரண்டும் ‘அதே மதிப்பு’. பெறுகிறவருக்கு மஞ்சள் பிடிக்கும் என்பதால் கேட்டீர்களா, டூலிப்தான் அவர்கள் கல்யாணத்தில் வைத்த பூ என்பதால் கேட்டீர்களா என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? ‘பூ மாறினாலும் நிறம் மாற வேண்டாம்’ அல்லது ‘நிறம் எதுவானாலும் பரவாயில்லை, டூலிப்பாக இருக்கட்டும், இல்லையென்றால் ஒரு போன் போடுங்கள்’, இதில் ஒன்றைக் குறிப்பில் எழுதிவிட்டால் பாதி வருத்தம் அங்கேயே தீர்ந்தது. உருவமும் கணக்கில் வரும். டெல்ஃபினியம் மாதிரி நீளக் கதிர்ப் பூவுக்குப் பதில் இன்னொரு கதிர்ப் பூ, ஸ்னாப்டிராகன் மாதிரி, வந்தால் கொத்தின் அமைப்பு காப்பாற்றப்படும். ஒரு உருண்டைச் சாமந்தி வந்தால் படமே மாறிவிடும்.

கொத்து கிளம்புமுன் ஒரு படம் கேளுங்கள். பெரும்பாலான கடைகள் மறுக்காது, இடைத்தரகரால் இதைத் தர முடியாது. படத்தில் மேலே உள்ள பூவை மட்டும் பார்க்காமல் கட்டுக்குக் கீழே பாருங்கள். கைக்கட்டு போடத் தெரிந்தவர் முதல் காம்பை நிமிர்த்திப் பிடித்து, அடுத்ததை அதன்மேல் சாய்த்து, கொத்தைக் கொஞ்சம் திருப்பி, அடுத்ததையும் அதே பக்கமாகவே சாய்த்து வைத்துக்கொண்டு போவார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காம்புகள் திருகாணிபோல அமரும். ஒரே ஒரு காம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்தால் கயிறு இறுக்கும்போது அது நசுங்கும், இரண்டாம் நாள் அந்தப் பூ மட்டும் தலை சாயும், யாருக்கும் காரணம் தெரியாது. கட்டுக்குக் கீழே ஒரு இலைகூட இருக்கக் கூடாது, தண்ணீரில் மூழ்கும் இலைதான் முதலில் அழுகும். சரியாகக் கட்டிச் சமமாக நறுக்கிய கொத்தை மேசைமேல் விட்டால் யாரும் பிடிக்காமல் தானாக நிற்கும்.

வாசல் வரை

வண்டி ஏறியதும் பூவின் எதிரி வெப்பம். வெட்டிய பிறகும் பூ மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அந்த மூச்சின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும், காம்பில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை அவ்வளவு வேகமாகத் தீரும். ரோஜாவை 1, 2 டிகிரியில் வைக்கிறார்கள். வெயிலில் நிறுத்திய மூடிய வண்டிக்குள் அரைமணி நேரத்தில் வெளியைவிட 15 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். வாளியில் காப்பாற்றிய இரண்டு நாளை வண்டி ஒரு மதியத்தில் தின்றுவிடும். எதிர்த்திசைத் தப்பும் உண்டு. ஆந்தூரியம், வெப்பநாட்டு ஆர்க்கிட் வகைகளை ரோஜாவோடு சேர்த்துக் குளிர் அறையில் வைத்தால் இதழில் கறுப்புப் படரும். ஏறத்தாழ 12 டிகிரிக்குக் கீழே அவற்றுக்கு ஆகாது. பழப் பெட்டியோடு பூவை ஒரே வண்டியில் ஏற்றுவதும் வினை. பழுக்கும் ஆப்பிளும் வாழையும் விடும் எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் இதழ் உள்ளே சுருண்டு தூங்கிவிடும், அப்புறம் எழாது. பூவும் பழக்கூடையும் சேர்த்து அனுப்பும் ஆசை இருந்தால் இரண்டையும் ஒரே தாளில் சுற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

முகவரி விஷயம் சின்னதுதான், ஆனால் டெலிவரி தவறுவது பூவால் அல்ல, பெரும்பாலும் இதனால்தான். அடுக்குமாடியின் வாசல் குறியீடு, தளம், பெறுகிறவரின் எண், ஆள் இல்லையென்றால் யாரிடம் கொடுக்கலாம் என்ற நாலும் வேண்டும். திடீரென்று தர ஆசைப்பட்டுப் பெறுகிறவர் எண்ணைக் கொடுக்காமல் இருப்பவர்கள் உண்டு. ஆளில்லா வீட்டு வாசலில் வெயிலில் மூன்று மணி நேரம் நிற்கிற கொத்து யாரையும் திடுக்கிட வைக்காது. அலுவலகத்துக்கு என்றால் முற்பகலில், வாரக் கடைசி நாளைத் தவிர்த்து. மருத்துவமனைக்கு என்றால் அங்கே பூவை அனுமதிக்கிறார்களா என்று முதலில் கேட்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பெரும்பாலும் வாங்கா, மற்ற பிரிவுகளிலும் நோயாளி வீட்டுக்குப் போன பிறகு வந்து சேரும் பூ உண்டு. பிப்ரவரி 14, அன்னையர் தினம் போன்ற நாட்களில் முதல் நாளே போய்ச் சேரும்படி, ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுவது உத்தமம். அன்றைக்குக் கட்டும் கைகள் விடிவதற்கு முன்பே ஓய்ந்திருக்கும்.

அட்டையில் உங்கள் பெயரை எழுதச் சொல்ல மறக்காதீர்கள். சிரிப்பாகத் தோன்றும். ஆனால் கடைக்காரர் நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுவார், ஒரு எழுத்தும் கூட்ட மாட்டார். ‘அன்புடன்’ என்று மட்டும் சொன்னால் ‘அன்புடன்’ மட்டும்தான் போகும். பணம் கட்டிய பெயர் ரசீதில் இருக்கும், அட்டையில் இருக்காது.

ஜாடியில்

பெறுகிறவருக்கு மறுநாள் ஒரு சேதி அனுப்பலாம்: காம்பின் அடியை 2, 3 சென்டிமீட்டர் சாய்வாக நறுக்கி, கழுவிய ஜாடியில் வையுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி மறுபடி நறுக்குங்கள். வெட்டுவாய் காற்றில் இருந்த நேரத்தில் நீர்க்குழாய்களுக்குள் காற்று ஏறியிருக்கும், பழைய தண்ணீரில் கிருமி பெருகி வாயை அடைத்திருக்கும். ரோஜா விரியாமலே கழுத்து மடிவது இதனால்தான், வயதால் அல்ல. உடனே கண்டால் அடியை நறுக்கி, தாளில் இறுக்கிச் சுற்றி நிமிர்த்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்றிரண்டு மணி நேரம் ஆழமாக நிறுத்தினால் பல நேரம் எழுந்துவிடும். ஹைட்ரேஞ்சியா இன்னும் வேடிக்கை. துவண்டுபோன தலையையே தண்ணீருக்குள் அரைமணி நேரம் முக்கிவைத்தால் பிழைத்துக்கொள்ளும், அது இதழ் வழியாகவும் குடிக்கும்.

கூடவே வரும் சின்னப் பொடிப் பொட்டலத்தில் சர்க்கரை, அமிலம், கிருமிநாசினி மூன்றும் இருக்கும். அதை ‘பாதி போதும்’ என்று சிக்கனம் பிடிப்பதுதான் தப்பு. பாதி அளவில் கிருமிநாசினி வேலை செய்யாது, சர்க்கரை மட்டும் கிருமிக்கு விருந்தாகும். போடாமலே இருந்தால்கூட மேல். எழுதியிருக்கிற அளவு தண்ணீருக்கு முழுப் பொட்டலம், இல்லையென்றால் வெறும் சுத்தத் தண்ணீர். கூடையில், தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும் பச்சை ஃபோம் கட்டியில் குத்தி வந்த பூவுக்கு வேறு கவனிப்பு. தினமும் மேலே தண்ணீர் விட வேண்டும், ஒரு காம்பை உருவிப் பார்த்துவிட்டு அதே ஓட்டையில் திரும்பச் செருகக் கூடாது. அடியில் காற்று நின்றுவிடும், பூ தண்ணீருக்கு நடுவே தாகத்தில் சாகும். அந்த ஃபோம் மக்காது, நொறுங்கினால் பிளாஸ்டிக் தூள்தான். ஜாடி உள்ள வீட்டுக்குக் கைக்கட்டே மேல் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எத்தனை நாள் நிற்கும் என்பது பூவைப் பொறுத்தது. கார்னேஷனும் சாமந்தியும் இரண்டு வாரம் தாண்டலாம், ரோஜா ஒரு வாரம், டூலிப் ஐந்து நாள் சுமாருக்கு. டூலிப் ஜாடியிலும் வளர்ந்துகொண்டே, வெளிச்சத்தின் பக்கம் வளைந்துகொண்டே இருக்கும். அது கோளாறு இல்லை, அதன் சுபாவம்.

பூ போய்ச் சேர்ந்த அன்றைக்கு ‘வந்ததா, எப்படி இருந்தது’ என்று கேட்டால் வரப்போகும் பதில் நமக்கே தெரியும். நாலாம் நாள் கேளுங்கள், வேறு மாதிரிக் கேளுங்கள்: “எது முதல்ல வாடுச்சு?” இதற்கு உபசார வார்த்தை கிடையாது. ‘வெள்ளை ரோஜா இரண்டும் மறுநாளே சாஞ்சிடுச்சு, அந்த மஞ்சள் மட்டும் இன்னும் அப்படியே நிக்குது’ என்று பார்த்ததைப் பார்த்தபடி சொல்வார்கள். அதைக் கடைக்கு ஒரு போனில் சொல்லிவிடுங்கள், பணம் திருப்பிக் கேட்கும் குரலில் அல்ல. அந்தத் தவணை வெள்ளை ரோஜா இன்னும் வாளியில் மீதி இருக்கும். போனைக் காதில் வைத்துக்கொண்டே அவர் போய் ஒன்றை எடுத்து, பூவுக்கு அடியில் கழுத்தை விரலால் அழுத்திப் பார்ப்பார்.